உடை மரத்தடியில் இறங்கும் தண்ணீர், வெட்டவெளியில் ஓடும் தண்ணீர்

கேள்வி இதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில், ஆரல்வாய்மொழிக்கும் முப்பந்தலுக்கும் நடுவே மலையடிவாரச் சரிவில் கொஞ்சம் நிலம் வாங்கியிருக்கிறார் ஒருவர். அதில் கிடந்த முள்ளையும் கல்லையும் ஜேசிபி வைத்து ஒதுக்கிவிட்டு, பத்தடிக்கு ஒன்று என்ற கணக்கில் வேம்பும் புங்கையும் நெல்லியும் நட்டார். இரண்டு கோடை தாண்டுவதற்குள் பெரும்பாலானவை பட்டுப்போய்விட்டன. இதே மாவட்டத்தில் மேற்கே குலசேகரம், திற்பரப்பு பக்கம் குச்சியை ஊன்றினாலே தழைக்கிறது. அதனால் அவர் கேட்கிறார்: இங்கே மண் மோசம் என்பதால் செடி வரவில்லையா, இல்லை செடிகள் போனதால்தான் மண் மோசமாகிவிட்டதா? முதலில் எதைச் சரிசெய்வது? கூடவே, சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டால் நிலத்தடி நீர் ஏறுமா?

இரண்டும் உண்மைதான், ஒன்று இன்னொன்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்லி நிறுத்தினால் உங்களுக்குப் பயன் இல்லை. வறண்ட நிலத்தில் மண்ணையும் செடியையும் சேர்த்துக் கட்டியிருப்பது ஒரே ஒரு விஷயம்: மழைத்துளி தரையைத் தொட்ட முதல் அரைமணி நேரத்தில் அது உள்ளே இறங்குகிறதா, மேலோடு ஓடிவிடுகிறதா என்பது. உரச்சத்து, மண்ணின் அமில-கார அளவு (பிஎச்), எந்த ரகக் கன்று என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. உங்கள் நிலத்தில் இறங்கும் வழி அடைபட்டுப் போயிருக்கிறது. அதை அடைத்ததில் ஜேசிபிக்கும் பங்கு உண்டு.

ஐப்பசியில் ஒரு நல்ல மழை முக்கால் மணி நேரம் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில், உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் யாரும் வெட்டாமல் விட்டிருக்கும் உடை மரம் ஒன்றைத் தேடிப் போங்கள். குடை விரித்த மாதிரி தட்டையாக நிற்குமே, குடைவேல் என்றும் சொல்வார்கள், அதுதான். தென்னிந்தியாவின் இந்தக் கடைக்கோடியிலும் இலங்கையிலும் மட்டும் இயல்பாக வளரும் மரம். அதன் தூரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, நிழலுக்குள் ஒரு குழி தோண்டுங்கள். ஈரம் ஒரு சாண், சில இடத்தில் ஒன்றரைச் சாண் போயிருக்கும். மண் கறுத்து, உதிர்ந்து, கையில் பிடித்தால் சிறு சிறு உருண்டையாக நிற்கும். எறும்பு போன ஓட்டை, செத்த வேர் மக்கிப்போன குழாய், கறையான் வாய், சருகுத் துணுக்கு எல்லாம் கலந்து கிடக்கும். அப்புறம் நிழலை விட்டுப் பத்தடி வெளியே வந்து, செடியில்லாத தரையில் தோண்டுங்கள். மேலே இரண்டு விரல் நனைந்திருக்கும். அதற்குக் கீழே புழுதி. அதே மழை, அதே மண், நடுவில் பத்தடிதான் தூரம்.

வெளியே ஏன் இறங்கவில்லை? அந்தத் தரையின் மேல்தோலைக் கத்தி நுனியால் நெம்பிப் பாருங்கள். காய்ந்திருக்கும்போது அப்பளம் மாதிரி ஒரு சில்லாகப் பெயர்ந்து வரும். அதுதான் பொருக்கு. துளி நேராக வந்து மொத்தும்போது மண்ணின் சின்ன உருண்டைகள் உடைகின்றன. உடைந்து வரும் மெல்லிய களிமண்ணும் வண்டலும் மேலாக இருக்கும் துளைகளுக்குள் போய் அடைத்துக்கொள்கின்றன. வெயில் பட்டதும் அது இறுகிவிடுகிறது. அதன் கனம் சில மில்லிமீட்டர்தான், ஆனால் அடுத்த மழையின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்ப அது போதும். விதை விழுந்தாலும் அதில் ஒட்டாது, காற்றில் உருண்டு போகும். முளைத்தாலும் மெல்லிய முளை பொருக்கை முட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் வளைந்து காயும். மரத்தடியில் இலையும் கிளையும் துளியின் வேகத்தை உடைக்கின்றன, சருகு மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. தூர் வழியாக வடியும் தண்ணீர் வேரை ஒட்டியே கீழே போகிறது. ஆடு நிழலுக்கு வந்து படுத்துப் புழுக்கை போடுகிறது, பறவை எச்சத்தில் விதை விழுகிறது, காற்றில் வரும் தூசி கிளையில் தட்டி அங்கேயே படிகிறது. உடை பயறு வகைக் குடும்பத்து மரம் என்பதால் வேர்முடிச்சில் தழைச்சத்தும் சேர்கிறது. இப்படி ஒவ்வொரு மரத்தடியும் ஒரு வளத்தீவாக மாறிவிடுகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைப் புல்வெளிகளை ஆராய்ந்த ஷ்லெசிங்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: புல் பரவலாக இருந்தபோது தண்ணீரும் சத்தும் நிலம் முழுக்கச் சமமாக இருந்தன, புல் போய்ப் புதர் வந்தபோது எல்லாம் புதரடியில் குவிந்து, நடுவில் இருந்த தரை வெறுமையானது. வறள்வது என்றால் மழை குறைவது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திருப்பம்.

இதை நம்பச் சொல்லவில்லை, நீங்களே அளந்து பாருங்கள். பெரிய பால்பவுடர் டின் ஒன்றை எடுத்து மேலும் கீழும் வெட்டிக் குழாயாக்கி, தரையில் இரண்டு விரற்கடை இறங்கும்படி பலகை வைத்துத் தட்டுங்கள். அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, முழுதும் உறிஞ்ச எத்தனை நிமிடம் ஆகிறது என்று போனில் பாருங்கள். மரத்தடி, புல் இருக்கும் இடம், வெறுந்தரை, ஜேசிபி ஓடிய தடம் என்று நாலு இடத்தில் செய்தால் போதும், உங்கள் நிலத்தைப் பற்றி எந்த மண் பரிசோதனைச் சீட்டும் சொல்லாததை அது சொல்லிவிடும். இன்னொன்று, இதைவிட எளிது: மரத்தடி மண்கட்டி ஒன்றும் வெறுந்தரை மண்கட்டி ஒன்றும் நன்றாகக் காயவைத்து, இரண்டு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் மெல்லப் போடுங்கள். ஒன்று அப்படியே நிற்கும், இன்னொன்று நிமிடத்தில் கரைந்து சேறாகும். மக்கிய சருகும், பூஞ்சை இழையும், வேர் கசியவிடும் பிசினும் சேர்ந்துதான் மண் துகள்களைப் பிடித்துவைக்கின்றன. அவை இல்லாத மண் முதல் மழையிலேயே கரைந்துவிடும்.

இப்போது காற்றுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் பக்கத்து மண்ணைக் காற்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்குத் தொடர்ச்சி மலை கடைசியாகத் தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாயில் வழியாகக் குவிந்து பாய்கிறது, முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் அதுதான். மழையை மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கத்திலும் மலைமேலும் இறக்கிவிட்டு, மிச்சத்தோடு இங்கே வருகிறது. அதனால் ஆனி, ஆடியில் நமக்குக் கிடைப்பது சாரல். அந்தச் சாரல் இரண்டு விரல் மண்ணை நனைக்கும், அதே நாள் சாயங்காலத்துக்குள் காற்று அதை உறிஞ்சிவிடும். இலையைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஈரக்காற்றுப் படலத்தையும் வேகக்காற்று அடித்துக்கொண்டு போவதால் செடி விடும் நீரும் கூடுகிறது. இந்தச் சரிவில் நிற்கும் மரங்கள் கிழக்கே சாய்ந்து நிற்பதையும், மேற்குப் பக்கத்துத் தளிர்கள் கருகி இருப்பதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். உடை, கிளுவை, காரை, சூரை, விராலி, ஆவாரை என்று இங்கே தானாக நிற்பவை எல்லாம் சின்ன இலை, இல்லாவிட்டால் பிசின் பூசிய இலை, இல்லாவிட்டால் கோடையில் இலையே இல்லை. புங்கையின் அகன்ற இலை ஆற்றோரத்துக்கு உரியது. அதைக் கணவாயின் வாயில் நட்டது தவறான இடம், அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது.

செடி குறைந்த தரையிலிருந்து காற்று முதலில் கொண்டுபோவது மிக மெல்லிய துகளைத்தான், மக்கிய பொருளும் களிமண்ணும் அதில்தான் இருக்கின்றன. மிச்சம் நிற்பது சரல். சரல் பரப்பைப் பார்த்து 'இது உருப்படாத நிலம்' என்று சொல்வது வழக்கம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேலே கிடக்கும் கல் துளியை வாங்கிக்கொள்கிறது, வெயிலைத் தடுக்கிறது, கல்லுக்கு அடியில் ஈரம் பல நாள் நிற்கிறது, காற்றில் வரும் விதை அங்கேதான் ஒதுங்குகிறது. நீங்கள் கல்லைப் பொறுக்கி வரப்பில் குவித்தபோது இத்தனையும் ஒன்றாகப் போயிற்று. அதன்மேல் கனரக வண்டி ஓடி அடித்தளத்தை இறுக்கிவிட்டது. காற்றாலைகளுக்குப் போட்ட மண்சாலைகள் சரிவை வெட்டும் இடங்களில் கவனித்துப் பாருங்கள், சாலைக்கு மேல்புறம் தண்ணீர் சேர்ந்து செடி அடர்ந்திருக்கும், கீழ்புறம் வாய்க்கால் மாதிரி அரித்து வேர் வெளியே தெரியும். சரிவில் ஒரு கோடு போட்டாலே தண்ணீரின் வழி மாறிவிடுகிறது, செடியும் அதன் பின்னாலேயே போகிறது.

பத்தடிக்கு ஒன்று என்று நட்டீர்களே, அதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஏக்கருக்கு 435 கன்று. ஒரு கன்றுக்கு நூறு சதுர அடி, அதாவது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்பதால், 20 மில்லிமீட்டர் மழை அடித்தால் அந்தக் கன்றின் பங்கில் விழுவது சுமார் 185 லிட்டர். அதில் பொருக்கின் மேல் ஓடிப்போவது பாதி என்று வைத்தால்கூட மிஞ்சுவது தொண்ணூறு லிட்டர் சொச்சம், அதையும் காற்று பங்கு கேட்கும். இப்போது இயற்கையாக உடை நிற்கும் இடைவெளியைப் பாருங்கள், முப்பதடி, நாற்பதடி இருக்கும். முப்பதடி என்றாலே 900 சதுர அடி, அதே மழையில் 1,670 லிட்டர் விழுகிறது. அந்த வெறுந்தரையில் ஓடும் தண்ணீரில் ஒரு பகுதி சரிவில் அடுத்து நிற்கும் மரத்தின் சருகிலும் தூரிலும் தட்டி அங்கேயே இறங்குகிறது. நமக்குக் காலியாகத் தெரிகிற இடம் அந்த மரத்தின் நீர்ப்பிடிப்பு. அந்த இடத்தையும் கன்றால் நிரப்பினால் எல்லாக் கன்றும் சேர்ந்து பட்டினி கிடக்கும்.

உலகத்தின் வறண்ட பகுதிகளில் இது கண்ணால் பார்க்கக்கூடிய கோலமாகவே விழுந்திருக்கிறது. 1950-இல் மக்ஃபாடியன் என்பவர் அன்றைய பிரிட்டிஷ் சோமாலிலாந்தின் விமானப் படங்களில், மென்சரிவான நிலத்தில் செடிகள் வளைந்த பட்டைகளாக நிற்பதையும் பட்டைக்குப் பட்டை நடுவே வெறுந்தரை கிடப்பதையும் கண்டு எழுதினார். 1999-இல் கிறிஸ்டோபர் கிளாஸ்மையர் இதற்கு ஒரு எளிய கணித மாதிரி கொடுத்தார். வெறுந்தரையில் ஓடும் நீர் பட்டையின் மேல்விளிம்பில் இறங்குகிறது, அங்கே செடி வளர்கிறது, கீழ்விளிம்பில் தண்ணீர் எட்டாமல் காய்கிறது, இந்த இரண்டு விதிகளே அந்தக் கோலத்தை உண்டாக்கப் போதும் என்று காட்டினார். நம் மலையடிவாரம் அதைவிடச் செங்குத்து, கல்லும் பொத்தையுமாக (சின்னப் பாறைக் குன்றுகளாக) உடைந்து கிடப்பது, மழையும் அவ்வளவு குறைவில்லை. அதனால் இங்கே அழகான பட்டை கிடையாது, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு ஒன்றுதான்.

'மரம் அதிகமானால் தண்ணீர் அதிகமாகும்' என்பதையும் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மரம் தண்ணீரை இறக்குகிறது, குடிக்கவும் செய்கிறது. புர்க்கினா ஃபாசோவில் மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் வேளாண் நிலத்தில் செய்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, நிலத்தடிக்குப் போகும் நீர் அதிகபட்சமாக இருப்பது மரமே இல்லாத நிலத்திலும் இல்லை, மரம் அடர்ந்த நிலத்திலும் இல்லை, நடுத்தரமாக மரம் நிற்கும் நிலத்தில்தான் என்று காட்டியது. வருடத்தில் பாதி காய்ந்து கிடக்கும் வெப்ப நாடுகளுக்கு இது பொருந்தும், நம் கிழக்குப் பக்கத்துக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். தைல மரத்தை நெருக்கமாக நட்டு 'காடு வளர்த்துவிட்டோம்' என்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது.

சரி, மண்ணின் உள்ளே. இந்த மாவட்டத்தின் மேற்கில் பெய்யும் மழை மண்ணில் கரையக்கூடிய சுண்ணாம்பை எல்லாம் அலசிக் கீழே கொண்டுபோய்விட்டது. இரும்பும் அலுமினியமும் மிஞ்சி வெட்டுக்கல்லாக நிற்கின்றன. கிழக்கே வர வர, மழைநீர் கொஞ்ச ஆழம் போய் அங்கேயே நின்று வேரால் உறிஞ்சப்படுவதால், கரைந்த சுண்ணாம்பு அந்த ஆழத்தில் தங்கிவிடுகிறது. தோண்டும்போது வெள்ளை முடிச்சுகளாகச் சுக்கான் வந்தால், வழக்கமான ஆண்டில் ஈரம் அதுவரைதான் போகிறது என்று மண்ணே எழுதிவைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது எந்த ஆழம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கன்றுக்குக் குழி எடுக்கும்போது உதவும். சுக்கான் தட்டாக இறுகியிருந்தால் கடப்பாரையால் ஒரு இடத்திலாவது உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேர் தட்டின் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும்.

மணலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரமான நாட்டில் களிமண் நல்லது, மணல் மோசம். வறண்ட நாட்டில் இது தலைகீழாகும் என்று இம்மானுவேல் நோய்-மெயர் 1973-இல் எழுதினார். களியில் தண்ணீர் மேலேயே நின்று ஆவியாகிவிடும், மணலில் சட்டென்று ஆழம் போய்விடுவதால் வெயிலுக்குத் தப்பும். ஆண்டு மழை 300 முதல் 500 மில்லிமீட்டருக்குள் எங்கோ இந்தத் திருப்பம் நடக்கிறது என்பது அவர் கணக்கு. குமரி முனையில்கூட அதைவிட அதிகம் பெய்கிறது, அதனால் நம் ஊருக்கு அதை அப்படியே போட முடியாது. ஆனாலும் முட்டம் பக்கத்துச் செம்மணலிலும், நம்மைத் தாண்டி வடக்கே தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி எனும் செம்மணல் மேட்டிலும் பனை எப்படி நிற்கிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மேலே அனல் பறக்கும், கையளவு ஆழத்தில் மணல் குளிர்ந்திருக்கும். மேலே காய்ந்த மணலே கீழே இருக்கும் ஈரத்துக்கு மூடி.

வேரும் சும்மா உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. 1987-இல் அமெரிக்காவின் யூட்டாவில் ரிச்சர்ட்ஸும் கால்ட்வெல்லும் ஒரு வறள்நிலப் புதரில் கண்டது: பகலில் ஆழத்திலிருந்து நீரை இழுக்கும் வேர், இரவில் இலைத்துளை மூடியதும் அதில் கொஞ்சத்தை மேல்மண்ணில் கசியவிடுகிறது. அதைப் பக்கத்துச் சின்னச் செடிகளும் குடிக்கின்றன. மழைக்குப் பிறகு இதே வேர் மேலே இருக்கும் நீரைக் கீழே இறக்கிவைப்பதும் உண்டு, அரிசோனாவின் சீமைக்கருவேல இனத்தில் அதை அளந்திருக்கிறார்கள். புதரடியில் கன்று ஏன் பிழைக்கிறது என்பதற்கு நிழலும் சருகும் மட்டும் காரணமில்லை.

இனி சரிவை விட்டுக் கீழே, ஆற்றுக்கு. பழையாறு சுருளோடு பக்கம் தொடங்கி, பூதப்பாண்டி, சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேர்கிறது. இதன் வடிநிலத்தில் மேலே சரிவில் செடி மழையை நம்பி நிற்கிறது, கீழே கரையில் நிற்கும் மருதும் புங்கையும் நாணலும் தாழையும் நிலத்தடி நீரை நம்பி நிற்கின்றன. கணக்கே வேறு. 1906-இல் பேச்சிப்பாறை அணை முடிந்து, கோதையாற்றுத் தண்ணீர் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல்களுக்கு வரத் தொடங்கிய பிறகு, நாஞ்சில் நாட்டுப் பசுமையில் ஒரு பங்கு சானலின், அதாவது பாசனக் கால்வாயின், கசிவால் நிற்கும் பசுமை. சானல் அடைத்த மாதங்களில் கரைக் கிணறுகள் இறங்குவது அதனால்தான். சானலுக்கு மேல்புறம் இருக்கும் உங்கள் நிலத்துக்கு அந்தக் கசிவு வராது. ஆகவே செண்பகராமன்புதூர்த் தோப்பைப் பார்த்து நீங்கள் கணக்குப் போடக்கூடாது.

கரையோரச் செடிக்கும் மண்ணுக்கும் உள்ள உறவு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் தாரிம் ஆற்றைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மேலே பாசனத்துக்குத் தண்ணீர் எடுத்து, 1972-இல் தாஷிஹைசி நீர்த்தேக்கமும் வந்த பிறகு, அதற்குக் கீழே சுமார் 320 கிலோமீட்டர் ஆறு வறண்டது. கரையில் பாப்ளர் மரக்காடு. நிலத்தடி நீர் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்க, முதலில் புல்லும் நாணலும் போயின, பிறகு புதர், கடைசியில் மரத்தின் உச்சிக்கிளை காய்ந்தது. பிடிக்க ஆளில்லாத மணல் நகர்ந்தது. 2000-த்திலிருந்து தண்ணீரைத் திறந்துவிட ஆரம்பித்தார்கள். ஆற்றை ஒட்டிய பகுதியில் நீர்மட்டம் ஏறி வயதான மரங்கள் தளிர்த்தன. ஆனால் புதுக் கன்று சுலபமாக வரவில்லை, ஏனென்றால் அந்த மரத்தின் விதை முளைக்க வெள்ளம் பரவி விட்டுப்போன ஈர வண்டல் வேண்டும், வாய்க்காலுக்குள் அடங்கி ஓடும் தண்ணீர் அதைத் தராது. வயதான மரத்துக்கு நிலத்தடி நீர் போதும், குழந்தை மரத்துக்கு வெள்ளம் வேண்டும். நம் ஓடைகளில் மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் சுவர் கட்டினால் இதே கதைதான் நடக்கும். நிற்கிற மருதைப் பார்த்து ஆறு நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அதற்கடியில் ஒரு கன்றும் இருக்காது.

நீர்மட்டம் அளவுக்கு மேல் ஏறினாலும் ஆபத்து உண்டு. ஆழம் குறைந்த நீர் மண்ணின் நுண்துளை வழியாக மேலேறி ஆவியாகும்போது உப்பை விட்டுச்செல்லும். மணக்குடி, புத்தளம் பக்கம் உமரி என்ற உப்புநிலச் செடி படர்ந்திருந்தால் அங்கே உப்பு இருக்கிறது என்று மீட்டர் வைக்காமலே சொல்லலாம். உங்கள் சரிவில் அந்தப் பிரச்சினை இல்லை, போர்வெல் தண்ணீரை நாள்தோறும் விட்டு நீங்களாக உண்டாக்கிக்கொள்ளாத வரைக்கும்.

சீமைக்கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விறகுக்கும் வெறுந்தரையை மூடவும் என்று இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேரை அரிசோனாவில் ஒரு சுரங்கக் குழியில் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள், அதனால் தண்ணீரைக் குடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. குளத்துக்குள்ளும் ஓடையிலும் மறுகாலிலும் நிற்பதை எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. ஆனால் வெறும் சரிவில் வேறு எதுவும் இல்லாமல் அது மட்டும் நிற்கிறது என்றால், அந்தச் சரிவின் மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். அதன் அடியில் மக்கிய சருகும் தழைச்சத்தும் சேர்ந்துதான் இருக்கும், மற்றச் செடியை அண்டவிடாது என்பதுதான் குறை. புரட்டாசியில் ஜேசிபியால் பிடுங்கிவிட்டு ஐப்பசி மழைக்கு வெறுந்தரையைக் காட்டினால் நூறு வருடத்து மேல்மண் ஒரே பருவத்தில் குளத்துக்குப் போய்விடும். நீர்மட்டமும் ஏறாது, தண்ணீர் இறங்குவதற்கான வழியே அங்கே இல்லாமல் போயிருக்குமே. தை, மாசியில் தரையை ஒட்டி அறுத்து, முள்ளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் போட்டு, தளிர்க்கும்போதெல்லாம் வெட்டி, அந்த நிழலிலேயே வேறு செடியைக் கொண்டுவந்து, இரண்டு மூன்று வருடத்தில் சிறிது சிறிதாக மாற்றுவதுதான் நல்ல வழி.

மேய்ச்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடு மேய்வதால் மட்டும் நிலம் கெடாது. புல் ஒரு அளவுக்குக் கீழே போனபிறகும் மேய்ந்தால்தான் திரும்பி வராத நிலைக்குத் தள்ளப்படும். பொருக்குக் கட்டியபிறகு ஆட்டை நிறுத்தினாலும் புல் தானாக வராது, ஏனென்றால் தண்ணீர் இறங்கவில்லை. கெட்ட வழியிலேயே திரும்பி நடந்து நல்ல நிலைக்குப் போக முடியாது என்பதுதான் வறண்ட நிலத்தின் கஷ்டம், நடுவில் ஒரு இடத்தில் நாம் கை கொடுக்க வேண்டியிருக்கும். இந்தச் சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக விறகும், நாஞ்சில் வயலுக்கு மிதிக்கத் தழையும் வெட்டியிருக்கிறோம். மேலே சேர வேண்டிய மக்கு கீழே வயலுக்குப் போயிருக்கிறது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, ஆனால் திருப்பித் தர வேண்டிய முறை நம்முடையது.

கை கொடுப்பது எப்படி? ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் புர்க்கினா ஃபாசோ விவசாயி யாகூபா சவடோகோ செய்ததைப் பார்க்கலாம். கல்லாய் இறுகிய தரையில் மழைக்கு முன்பே சின்னச் சின்னக் குழி எடுத்து, எருவும் சருகும் போட்டுவைப்பார். அந்தச் சருகுக்குக் கறையான் வரும், கறையான் தரையைத் துளைத்து வழி உண்டாக்கும், மழை அந்த வழியே இறங்கும். கறையானைக் கண்டாலே மருந்து ஊற்றும் நமக்கு இது மனசுக்கு ஒப்பாது. ஆனால் பொருக்கு உடைக்க அதைவிடக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்காது.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது. வரப்பில் குவித்த கல்லைத் திரும்ப எடுத்து, சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், முழங்காலுக்குக் கீழ் உயரத்தில் வரிசை வரிசையாக அடுக்குங்கள். சிமெண்ட் வேண்டாம், தண்ணீர் கல்லிடுக்கில் கசிந்து போக வேண்டும், வண்டல் மட்டும் நிற்க வேண்டும். வரிசைக்கு மேல்புறம் பிறை வடிவக் குழிகள், பிறையின் வாய் மலையைப் பார்த்து இருக்கட்டும். முப்பதடிக்குக் குறைவாகக் குழி வேண்டாம். குளத்து வண்டலை அரசு அனுமதியோடு எடுக்க முடிந்தால், தொழுவுரத்தோடு கலந்து குழிக்குள் மட்டும் போடுங்கள். உங்கள் சரிவிலிருந்து போன மண்தான் அது. நிலம் முழுக்கப் பரப்பினால் அதுவே மறுபடியும் பொருக்காகும்.

முதல் வருடம் மரமே நட வேண்டாம். புரட்டாசிக் கடைசியில் கொழிஞ்சியும் காணமும் கொழுக்கட்டைப் புல்லும் கலந்து விதையுங்கள், ஆவாரை விதையையும் கொஞ்சம் சேர்க்கலாம். காணத்தைப் பறித்துக்கொள்ளலாம், செடியைப் பிடுங்காமல் அறுத்து அங்கேயே போட வேண்டும். வேர் மண்ணுக்குள் மக்கினால்தான் குழாய் விழும். ஆட்டை இரண்டு மழைக்காலம் உள்ளே விடாதீர்கள், அதற்குப் பிறகு விடலாம்.

இரண்டாம் வருடம் ஐப்பசியில், மண் ஒரு சாண் நனைந்தபிறகு கன்று நடுங்கள். ஆனிச் சாரலை நம்பி நடுவதை விட்டுவிடுங்கள், அப்போது நட்டால் வேர் பிடிக்குமுன் ஆடிக்காற்று தின்றுவிடும். தானாக முளைத்திருக்கும் உடையையோ ஆவாரையையோ வெட்டாமல், அதன் கிழக்குப் பக்கத்தில், காற்று மறைவில் வேம்பை வையுங்கள். புங்கை வேண்டாம், ஓடை ஓரத்தில் ஈரம் நிற்கும் இடம் இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு. கன்று உயரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பையில் வேர் சுற்றிக்கொள்ளாத ஒரு முழக் கன்றே மேல். மேலே வளர்ந்த கன்று காற்றுக்குக் கொடுக்கிறதே தவிர, கீழே எடுப்பதற்கு வேர் இருக்காது.

மேற்கு எல்லையில் பனை போடுங்கள். ஆடி, ஆவணியில் விழும் பழத்தின் கொட்டையைச் சேர்த்துவைத்து, புரட்டாசியில் ஐந்தாறடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும், தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. பனை முளைத்ததும் முதலில் மேலே வருவதில்லை, கிழங்கு நேராகக் கீழே இறங்கி, குருத்தையே மண்ணுக்குள் ஆழத்தில் வைத்துக்கொண்டுதான் பிறகு ஓலையை மேலே விடும். அதனால் முதல் ஓலையை ஆடு கடித்தாலும் காற்று கிழித்தாலும் செத்துப்போகாது. முதல் வருடம் ஒரு ஒற்றை ஓலைதான் தெரியும், அதைப் பார்த்து முளைக்கவில்லை என்று தோண்டிவிடாதீர்கள்.